இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்

காலை பத்தேகாலுக்கு ஏழாவது குப்பைத் தொட்டிக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அண்ணி வெறுங்கையோடு நிமிர்ந்தார். ஆறு அறை உள்ள வளாகத்தில் ஏழு தொட்டிகள். ஏழையும் யாரோ கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் தேறலையா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒரு கசங்கின கவர் இல்லை. மனுஷங்க புழங்குற இடம்தானா இது?"

"பசுமை வளாகம் அண்ணி. இங்க குப்பை போடுறதுதான் குத்தம்."

"குப்பை இல்லேன்னா நான் துப்புக்கு எங்கே போறது?"

அவர் எரிச்சல் நியாயமானதுதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், பொய்யாக நஷ்டஈடு கேட்டு வந்தவர்களைக் கண்டுபிடித்ததெல்லாம் அவர்களின் குப்பைத் தொட்டியைக் கிளறித்தான். எரிந்துபோனதாகச் சொன்ன டிவியின் புது ரிமோட் அட்டை, திருடுபோனதாகச் சொன்ன நகைக்குப் பாலிஷ் போட்ட ரசீது, எல்லாம் தொட்டியில் கிடக்கும். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் இருந்த கணவரின் தம்பி உதவிக்கு ஒட்டிக்கொண்டான். அவன் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், கேஸ் கொடுக்க வருகிற எழுபது வயதுக்காரர்களும் அவரை அண்ணி என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

இன்றைய கேஸ் கொடுத்தவளும் அப்படித்தான் அழைத்தாள். முதல் அறையின் ரீஃபில் கடைக்காரி அவள். ஐந்தாம் அறையில் சோப்புத் தயாரிக்கிறவரின் மனைவி அவளுடைய அக்கா. அதனால் வளாகத்தில் அக்காவைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். சின்னவளுக்கு முப்பத்தெட்டு வயது.

அவள் கடையில் எதுவும் பாக்கெட்டில் கிடையாது. ஷாம்பூ, எண்ணெய், இலைச்சாற்றில் செய்த பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் பெரிய டிரம்களில் இருக்கும். வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும், அவள் ஊற்றிக் கொடுப்பாள். ஊரில் அதற்கு ஊத்துக்கடை என்று பெயர்.

பத்து நாளைக்கு முன்னால் நகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. கூடவே ஒரு பாட்டில் திரவம். வளாகத்தில் இலைச்சாறு என்று சொல்லி ஊற்றிக் கொடுப்பது இலைச்சாறே அல்ல என்று அதில் எழுதியிருந்தது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இலையும் இல்லை, சாறும் இல்லை, வெறும் தொழிற்சாலை ரசாயனம் என்று நேற்று முடிவு வந்தது; ஆய்வாளர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்று மாலை நான்கு மணிக்கு அவர் மறுபடி வந்து, கடை வாசலில் உள்ள, நகராட்சி கொடுத்த பச்சை இலை போர்டைக் கழற்றுவார். இலை போர்டு இருக்கிறவர்களுக்குத்தான் வளாகத்தில் அறை. போர்டு போனால் அறை போகும், அறை போனால் கடை போகும்.

"நான் கலப்படம் செய்யலை அண்ணி," என்றாள் சின்னவள், காலையிலிருந்து பத்தாவது முறையாக. "அந்தத் திரவம் எங்க அத்தான் தயாரிக்கிறது. நேரா அவர் அறையிலேர்ந்து என் டிரம்முக்கு வருது. நடுவுல நான் ஒரு சொட்டுத் தண்ணி கூட சேர்க்கலை. எவனோ பாட்டில்ல எதையோ ஊத்தி என் பேரைக் கெடுத்திருக்கான்."

"சரி. போன மாசம் யார் யார் வாங்கினாங்க? பில் புத்தகம் இருக்கா?"

"பில் போடுறதில்லை. காகிதம் வீணாகும்."

"கேமரா?"

"கரண்ட் வீணாகும்."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

"அண்ணி, திருடனுக்கு இவ்வளவு தோதான இடம் உலகத்திலேயே கிடையாது," என்றான்.

பதினொரு மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் இருந்தார்கள். ஆய்வாளர் கெட்டவர் இல்லை, ஆனால் விதியைப் பிடித்தால் விடாத ரகம். நான்கு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் கூடத் தள்ளிப்போடமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மேஜையில் மூன்று பொருள்களை எடுத்து வைத்தார். கடுதாசி, அது வந்த பழுப்புக் கவர், தடித்த தகர மூடி போட்ட காலிக் கண்ணாடி பாட்டில்.

கடுதாசியில் இரண்டே வரி. அண்ணி வாய்விட்டுப் படித்தார். "பசுமை வளாகத்தில் இலைச்சாறு என்று சொல்லி ஊற்றிக் கொடுப்பது இலைச்சாறு இல்லை. நேரில் வந்து பார்க்கவும்."

"ஊற்றிக் கொடுப்பதுன்னு தெளிவா எழுதியிருக்கு. ஊத்துக்கடை ஊர்ல ஒண்ணுதான்," என்றார் ஆய்வாளர்.

"பாட்டில் அந்தக் கடையில வாங்கினதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஆய்வாளர் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் கறுப்பு மையில் 212 என்று எழுதியிருந்தது. "காலி பாட்டிலோட எடை. ஊத்துறதுக்கு முன்னாடி அடியில எழுதுவாங்க. என் வீட்டு பாட்டில்லயும் இருக்கு. நானும் அங்கதான் வாங்கினேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகம் சுண்டியது. ஏமாந்த ஆத்திரம் அவருக்கும் இருந்தது.

அண்ணி கவரை எடுத்துத் தடவினார். ஓரங்களில் பசை திட்டுத்திட்டாக இருந்தது. கொழுந்தனிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கி, அதன் முனையால் ஒட்டின இடத்தை மெல்லப் பிரித்தார். கவரை யாரோ பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, மறுபடி ஒட்டியிருந்தார்கள். பழைய கவர். உள்ளே பழைய முகவரி அப்படியே இருந்தது.

அண்ணிக்குக் கை பரபரத்தது. காலையிலிருந்து கிடைத்த முதல் குப்பை அது.

முகவரியைப் படித்தார். அது ரீஃபில் கடையின் முகவரி.

"தன் மேலேயே மொட்டைக் கடுதாசி போட்டுக்கிட்ட முதல் ஆள் இவங்கதான்," என்றான் கொழுந்தன்.

"வாயை மூடு," என்றார் அண்ணி. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நான்கு மணிவரைக்கும் பாட்டிலைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார்.

சின்னவளிடம் கவர் விஷயத்தைச் சொன்னபோது அவள் அசரவில்லை.

"எங்களுக்கு வர்ற கவரையெல்லாம் பிரிச்சு, திருப்பி ஒட்டி, ரிப்பேர் கடை வாசல்ல ஒரு கூடையில போட்டு வைப்போம். ஆறு கடைக்காரங்களும் தேவைக்கு எடுத்துக்குவாங்க. புதுக் கவர் யாரும் வாங்குறதில்லை."

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கிடைத்த துப்பு கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. "அப்போ ஒண்ணு மட்டும் தெரியுது. இது வெளியாள் வேலை இல்லை. மொட்டைக் கடுதாசி போடும்போது கூடப் புதுக் கவர் வாங்க மனசு வரலை. உங்க ஆறு கடையில ஒருத்தர்தான்."

சின்னவளுக்கு அதுதான் தாங்கவில்லை. டிரம் பக்கத்தில் இருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு வருஷமா ஒண்ணா இருக்கோம் அண்ணி. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லேன்னா இன்னொருத்தர் கடையைப் பார்த்துக்குவோம்."

"யாருக்காவது உங்க மேல வயித்தெரிச்சல் உண்டா?"

"என் மேல வயித்தெரிச்சல் பட என்ன இருக்கு? நானே ஓட்டை ஃபேனை மூணு தரம் ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கேன்."

ஃபேன் தலைக்கு மேல் ஆமாம் போடுகிற மாதிரி ஆடிக்கொண்டு சுற்றியது. அண்ணி பாட்டிலைத் தராசில் வைத்தார். அடியில் எழுதியிருந்த எடையைக் காட்டினால் குறைந்தபட்சம் பாட்டில் இந்தக் கடையுடையதுதான் என்றாவது உறுதியாகும்.

தராசு 230 என்று காட்டியது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 230.

"அடியில 212 போட்டிருக்கு," என்றான் கொழுந்தன். "பாட்டிலுக்கும் வயசானா சதை போடுமா அண்ணி?"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. "என் தராசு தப்பா? அப்போ நான் இத்தனை நாளும் எல்லாருக்கும் அளவு குறைச்சா கொடுத்திருக்கேன்? கடவுளே, அந்தப் பழியும் சேர்ந்து வரணுமா."

தராசைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் அறைக்கு ஓடினார்கள். ரிப்பேர்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தார், அரைக் கிலோவை வைத்துப் பார்த்தார், நூறு கிராமை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"தராசு கண்ணாடி மாதிரி இருக்கு. மனுஷங்கதான் கோணல்," என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆக தராசும் சரி, பாட்டிலும் அதே பாட்டில், ஆனால் எடை மட்டும் பதினெட்டு கிராம் இடிக்கிறது. அண்ணிக்கு மண்டை காய்ந்தது. மணி ஒன்றரை ஆகியிருந்தது. நான்காம் அறை வாசலில் உரக்காரர் வேறு வழி மறித்தார். வளாகத்தின் காய்கறிக் கழிவு, இலைக் கழிவு எல்லாவற்றையும் மக்கவைத்து உரமாக்கி விற்கிறவர்.

"துப்பறியிறவங்கதானே? என் கேஸையும் எடுத்துக்கோங்க. என் உரக்குழி பாதிக் காலியா கிடக்கு. தினமும் ரெண்டு கூடை சக்கை வரும், ரெண்டு மாசமா ஒரு கூடை கூட இல்லை. குப்பை கொடுங்கன்னு பிச்சை எடுக்காத குறை."

"எனக்கும் அதே குறைதாங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி நகர்ந்தார். யார் கொடுத்த சக்கை என்று கேட்டிருக்கலாம். கேட்கிற மனநிலையில் அவர் இல்லை.

கடைக்குத் திரும்பியதும் அண்ணி கல்லாப் பக்கம் சாய்ந்து நின்று, சின்னவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரியாத ஒரு அம்மாள் ஷாம்பூ வாங்க வந்திருந்தார். சின்னவள் பாட்டிலை மூடியோடு வாங்கித் தராசில் வைத்தாள், எடையை அடியில் எழுதினாள், மூடியைத் திறந்து ஊற்றினாள், மூடினாள், மறுபடி எடை போட்டுக் கழித்துச் சொன்னாள். கை தன் பாட்டுக்குச் செய்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அந்தப் பக்கம் கொழுந்தன் சும்மா இராமல் ஆய்வாளர் கொடுத்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான்.

"இலை வாசனை மாதிரிதான் இருக்கு. ஆனா இலைக்கே ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ஒரு நெடி." மூடியைக் கட்டைவிரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு பாட்டிலைத் தராசில் வைத்தான். "பாருங்க, இப்போ இளைச்சிடுச்சு."

அண்ணி திரும்பிப் பார்த்தார். தராசு 212 காட்டியது.

"அதைத் தொடாதே," என்றார் அண்ணி.

"நான் ஒண்ணும் பண்ணலை அண்ணி, மூடியை எடுத்தேன், அவ்வளவுதான்."

"வாழ்நாள்ல முதல் தடவையா உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கே. அப்படியே நில்லு." அண்ணி சின்னவளைக் கூப்பிட்டார். "நீங்க எப்பவாவது மூடி இல்லாம எடை போடுறதுண்டா?"

"எப்படிப் போடுவேன்? மூடியோடதானே திரும்ப எடை போடுறேன். மூடியைச் சேர்க்கலேன்னா வாங்குறவங்க மூடிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும். அது ஏமாத்து."

"அப்போ இந்த 212 நீங்க எழுதினது இல்லை."

சின்னவளுக்கு உயிர் வந்தது. "ஆமா அண்ணி. நான் எழுதலை. என் கடைப் பாட்டில் இல்லை."

"இந்த வளாகத்துல மூடியைக் கழட்டிட்டு எடை போடுறவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லையே. வேற யாரும் எடை போட்டு ஊத்துறதே இல்லை. அத்தான் அறையில மட்டும்தான், அங்க பாட்டில் வாயில புனல் வச்சிடுவாங்க, அதனால மூடியைத் தனியா எடுத்து வச்சிட்டுத்தான்..."

வாக்கியம் பாதியில் நின்றது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொழுந்தன் கட்டைவிரலில் இருந்த மூடியைக் கழற்றி மெதுவாக மேஜையில் வைத்தான். 

"அத்தான் எதுக்கு என் மேல புகார் போடப்போறார்?" என்றாள் சின்னவள் கடைசியில். "இந்தக் கடையே அவர் போட்டுக் கொடுத்தது. இந்த அலமாரியெல்லாம் அவர் கையால அடிச்சது. போய்ப் பாருங்க அண்ணி. ஆனா தப்பாத்தான் இருக்கும்."

ஐந்தாம் அறையில் பெரியவள் தனியாக இருந்தாள். சோப்புக்காரர் சைக்கிளில் கேன்களைக் கொடுக்கப் போயிருந்தார். பெரியவள் தொட்டியிலிருந்து பச்சைத் திரவத்தைக் கேனில் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவளைவிட ஆறு வயது மூத்தவள். வந்தவர்கள் யார் என்று தெரிந்திருந்தும், யார் என்றோ எதற்கு என்றோ கேட்கவில்லை.

அண்ணி அறையைச் சுற்றி நடந்தார். மூலையில் இலை அரைக்கும் மெஷின். பக்கத்தில் சாறு பிழியும் செக்கு மாதிரி ஒன்று. இரண்டும் பளபளவென்று இருந்தன. தரையில் ஒரு இலை கிடையாது. பச்சைக் கறை கிடையாது. சக்கை கிடையாது.

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. காலையிலிருந்து குப்பை இல்லை, குப்பை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டதே, அந்த இல்லாத குப்பைதான் துப்பு. உரக்காரர் வழியில் நிறுத்தி வாய்விட்டுச் சொன்னார். காதில் வாங்காமல் வந்தது யார்? அண்ணிக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"இலை அரைச்சு ரெண்டு மாசம் ஆச்சு இல்லையா?" என்றார்.

பெரியவள் கேனை மூடினாள். "ரெண்டு மாசம் பதினோரு நாள்."

"கடுதாசி நீங்கதான் போட்டீங்க."

"நான்தான்." அவள் குரலில் நடுக்கமே இல்லை. பத்து நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது. "ஆனா நான் என் தங்கச்சி மேல போடலைங்க. எங்க வீட்டுக்காரர் மேல போட்டேன்."

"அப்போ ஊற்றிக் கொடுப்பதுன்னு ஏன் எழுதினீங்க?"

"எங்க வீட்டுல அப்படித்தான் பேசுவோம். கேன்ல பிடிச்சு அனுப்புறதை ஊத்திக் கொடுக்கிறதுன்னுதான் சொல்லுவோம். இன்னிக்கு எத்தனை ஊத்திக் கொடுத்தேன்னுதான் அவர் தினமும் கேட்பார். எழுத உட்கார்ந்தப்போ கைக்கு அந்த வார்த்தைதான் வந்துச்சு. அவ கடைக்கு ஊத்துக்கடைன்னு பேருங்கிறது எனக்குத் தோணவே இல்லை. தினமும் இவரைத் தேடி அதிகாரி வருவார்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்து வந்தார். நேரா என்னைத் தாண்டிக்கிட்டு அவ கடைக்குப் போனார்."

 இரண்டு வரிக் கடுதாசியில் ஒரு வார்த்தை இடம் மாறிப் போய் ஒரு குடும்பத்தையே சந்தியில் நிறுத்திவிட்டது.

"அவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கொழுந்தன்தான் கேட்டான்.

"மழை இல்லை, இலை வரத்து நின்னுபோச்சு. ஒரு வாரத்துக்கு மட்டும்னு தொழிற்சாலைச் சரக்கை வாங்கிப் பச்சைக் கலர் போட்டார். ஒரு வாரம் ரெண்டு மாசமாச்சு. அஞ்சு தரம் சண்டை போட்டேன். ஆறாவது தரம் என்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டார். வெளியிலேர்ந்து யாராவது வந்து ஒரு அதட்டு அதட்டினா பயந்து நிறுத்திடுவார்னு நினைச்சேன். போர்டைக் கழட்டுவாங்கன்னு எனக்கு எங்கே தெரியும்?"

"தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவளுக்கு அவர் அப்பா மாதிரி. எந்த வாயால சொல்லுவேன்?"

மூன்றேகாலுக்கு அண்ணி முதல் அறைக்குத் திரும்பினார். சின்னவளை முக்காலியில் உட்காரவைத்து, பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னார்.  சொல்லி முடித்ததும் சின்னவள் எழுந்து, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அக்காவுக்கு ரெண்டு பொண்ணுங்க. அந்த அறையை விட்டா வேற பிழைப்பு கிடையாது," என்றாள்.

"தெரியும்."

"நீங்க இதை ஆய்வாளர்கிட்ட சொல்லவேண்டாம் அண்ணி. கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க."

அண்ணிக்கு ஒரு கணம் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. "உங்க கடை போயிடும்."

"நான் ஒத்தை ஆள். எங்கேயாவது வேலைக்குப் போயிக்குவேன்."

"காலையிலேர்ந்து ஏழு தொட்டிக்குள்ள தலையை விட்டேன். நகராட்சி மாடிப்படி ஏறி இறங்கினேன். சாப்பிடக்கூட இல்லை. இப்போ உண்மை கையில இருக்கு, வாயை மூடிக்கோன்னு சொல்றீங்க."

"கேஸ் கொடுத்தது நான்தானே அண்ணி. நானே வாபஸ் வாங்குறேன்."

அதற்கு மேல் பேச இடமில்லை. உண்மை யாருடையதோ அவர்கள் கேட்டால்தான் அண்ணி சொல்லலாம். அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. அந்த விதியை இன்று கிழித்துப் போட்டால் என்ன என்று இருந்தது அவருக்கு. வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தார்.

"தோத்த கேஸ்ல கூட உங்க முகம் இப்படி இருந்ததில்லை அண்ணி," என்றான் கொழுந்தன்.

"தோத்திருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்."

நான்கு மணிக்கு ஆய்வாளர் ஏணியோடு வந்தார். மற்ற அறைக்காரர்கள் தங்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஏதாவது தெரிந்ததா என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தலையை அசைத்தாள்.

"சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை," என்றார் அண்ணி. 

"ஊத்தினது நான்தான் சார்," என்றாள் சின்னவள். "என் டிரம்லேர்ந்துதான் போச்சு. கழட்டிக்கோங்க."

ஆய்வாளர் ஏறி ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தது. முதல் திருப்பில் வழுக்கியது. இரண்டாவதிலும் வழுக்கியது.

"இறங்குங்க சார். நீங்க தப்பான வாசல்ல ஏறியிருக்கீங்க," என்று ஒரு குரல் கேட்டது.

பெரியவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கடுதாசி என் கையெழுத்து. நான் எழுதினது அஞ்சாம் அறையைப் பத்தி. அவளுக்கு எதுவும் தெரியாது."

"யாரு அக்கா உன்னைப் பேசச் சொன்னது?" என்றாள் சின்னவள். "உள்ள போ. சார், அவ எனக்காகச் சொல்றா."

"நீ சும்மா இரு."

"நீ முதல்ல போ."

ஆய்வாளர் ஏணியில் நின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார். "ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னா நான் எதை எழுதிக்கிறது? ஆதாரம் இருக்கா?"

அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் வளாகத்துக்குள் வந்தது. பின்னால் காலிக் கேன்கள் கடகடத்தன. சோப்புக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், தன் மனைவி கையையும் மைத்துனி முகத்தையும் பார்த்தார். யாரும் அவருக்கு எதுவும் விளக்கவில்லை.  சைக்கிளை நிறுத்தவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டு இரண்டு தரம் தவறியது.

மறுத்துவிடுவார் என்று அண்ணி நினைத்தார். இன்ஷூரன்ஸில் பார்த்த அத்தனை பேரும் அந்த இடத்தில் மறுத்திருக்கிறார்கள்.

சோப்புக்காரர் ஏணியடிக்கு வந்து கையை நீட்டினார். "அதை இங்க கொடுங்க சார்."

ஆய்வாளர் என்ன தோன்றியதோ, ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். சோப்புக்காரர் அதை வாங்கிக்கொண்டு ஐந்தாம் அறைக்கு நடந்தார். ஏணி கேட்கவில்லை. ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, தன் வாசலில் இருந்த இலை போர்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். வளாகத்தில் எல்லா போர்டையும் மாட்டியவர் அவர்தான், அதனால் வழுக்கவில்லை. போர்டு இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது.

போர்டைக் கொண்டுவந்து ஆய்வாளரிடம் நீட்டினார். "இதை எழுதிக்கோங்க. இலை அரைச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சின்னதுக்கு நான் சொல்லலை. அந்த டிரம்மை மட்டும் சீல் வச்சிட்டுப் போங்க, அவ கடையை விட்டுடுங்க."

ஆய்வாளர் ஏணியிலிருந்து இறங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிறைய எழுதினார். டிரம்முக்கு சீல் வைத்தார். முதல் அறையின் போர்டைத் தொடவில்லை. சோப்புக்காரர் நீட்டிய போர்டை வாங்க அவருக்கு அப்போது கை ஒழியவில்லை, அது சோப்புக்காரர் கையிலேயே இருந்தது.

கடை பிழைத்துவிட்டது. யாருக்கும் அது சந்தோஷமான செய்தியாகப் படவில்லை. ரிப்பேர்காரர் முதலில் உள்ளே போனார், பிறகு உரக்காரர். பெரியவள் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சின்னவள் படியிறங்கி அத்தானிடம் போனாள். அறைந்துவிடுவாளோ என்று கொழுந்தன் ஒரு அடி முன்னால் வைத்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இலை வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தான்?" என்றாள் சின்னவள். "டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வச்சிட்டு, இன்னிக்கு இல்லைன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருப்பேனே. அவ்வளவுதானே அத்தான்."

சோப்புக்காரர் போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.